“நான் இருந்து என்ன பயன்?” என்று பெரியவர் சொன்னால்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் கனமானது. வீட்டில் வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். அவர்களைப் பற்றிய பேச்சுத்தான் இது. அவர்களும் கேட்கட்டும்.

நம் தோட்டத்து லயங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர்கள் குடியிருக்கும் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “நான் இருந்து என்ன பயன்? எப்போ என்னைக் கூப்பிட்டுக்குவானோ!” தாத்தா சொல்வார், பாட்டி சொல்வார். “சும்மா இருங்க தாத்தா, எப்பப் பார்த்தாலும் இதே பேச்சு” என்று நாமும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். பெரும்பாலும் அது அலுப்பில் வருகிற பேச்சுத்தான். ஆனால் எப்போதும் அப்படி அல்ல. சில வேளைகளில் அந்தப் பெரியவர் உண்மையிலேயே உயிரை விட்டுவிடும் எண்ணத்தில் இருப்பார். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது, அறிந்தபின் என்ன செய்வது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நான் மருத்துவன் அல்லன். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், மறுபடியும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்த ஓர் ஆசிரியன். இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் தோட்டத்தில் ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் இருந்தார். ஆறடி உயரம், வெண்கலக் குரல். பிரட்டுக்களத்தில் அவர் பெயர் கூப்பிட்டால் அடுத்த டிவிஷனுக்குக் கேட்கும் என்பார்கள். மனைவி காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தது. எப்படி என்பதை நான் சொல்லப் போவதில்லை. அதை விவரித்துச் சொல்வது மனம் நொந்திருக்கும் இன்னொருவருக்கு வழிகாட்டுவதாகிவிடும் என்று ஆராய்ந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சாவு வீட்டில் அதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

ஆனால் அந்தச் சாவு வீட்டில் நான் கேட்ட வேறு சில பேச்சுகளை இன்றுவரை மறக்க முடியவில்லை. மளிகைக் கடைக்காரர் சொன்னார்: “போன வாரம் வந்து பாக்கிக் கணக்கை ஒரே நாளில் தீர்த்துட்டாரு. நான்கூட, என்ன அவசரம்னு கேட்டேன்.” கோயில் தலைவர் சொன்னார்: “பத்து வருசமா அவர்கிட்ட இருந்த சாவியைக் கொண்டு வந்து கொடுத்தாரு.” மருமகள் சொன்னார்: “மூணு மணிக்கே எழுந்து வாசல்ல உட்கார்ந்திருப்பாரு. சாப்பாடு பாதிதான்.” தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் சொன்னார்: “இந்த மாசம் மட்டும் மூணு தடவை வயித்துவலின்னு வந்தாரு. மாத்திரை கொடுத்தேன்.”

நானும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். பழைய பிரட்டுக்களத்துப் புகைப்படம் ஒன்றைச் சட்டத்தோடு கொண்டு வந்து, “இதை நீ வச்சுக்க வாத்தியாரே. எங்க வீட்ல இனி இதுக்கு ஆளில்லை” என்றார். நான் நன்றி சொல்லி வாங்கிச் சுவரில் மாட்டினேன். இன்றும் அது எங்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது.

ஐந்து பேரிடம் ஐந்து துண்டுகள். ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் பத்து வயதுப் பிள்ளைகூட ஏதோ சரியில்லை என்று சொல்லியிருக்கும். சாவு வீட்டில்தான் அவை ஒன்று சேர்ந்தன.

ஏன் ஒருவரும் முன்னதாகப் பேசவில்லை? ஒரு காரணம் அச்சம். ‘தற்கொலை’ என்ற சொல்லிலேயே ‘கொலை’ இருக்கிறது பாருங்கள். சட்டமும் அப்படித்தான் இருந்தது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீஸ் வரும் என்று பயந்து, விஷயத்தை மூடி மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. 2023-ஆம் ஆண்டில் நமது நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். பிழைத்தவர் இன்று குற்றவாளி அல்லர். அவர் சிகிச்சை பெற வேண்டிய ஒரு நோயாளி, அவ்வளவுதான். கூச்சப்படாமல், பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்.

இன்னொரு காரணம், இது இளைஞர்களின் பிரச்சினை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது. காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி என்றால் பத்திரிகையில் வருகிறது. 72 வயதுக்காரர் இறந்தால், “வயசாச்சு, போய்ச் சேர்ந்தார்” என்று முடித்துவிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 727,000 பேர் இவ்வாறு உயிரிழந்தார்கள். அதே நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, ஏறக்குறைய உலகின் எல்லாப் பகுதிகளிலும் 70 வயதைத் தாண்டியவர்களிடையேதான் இந்த மரண விகிதம் மிக அதிகம் என்று காட்டியது. முதியவர் இளைஞரைப் போல நாலு பேரிடம் புலம்புவதில்லை. தனியே இருக்கிறார். உடம்பும் தளர்ந்திருக்கிறது. ஆகவே முதல் அறிகுறியிலேயே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

இனி, காரணத்துக்கு வருவோம். வயதானால் மனச்சோர்வு வருவது இயற்கைதானே என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. மூப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. இவ்வாறு இறந்த முதியவர்களின் வாழ்க்கையைப் பின்னோக்கி ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனநோய் ஏதேனும் ஒன்று இருந்ததையும், அவற்றில் முதலிடம் மனச்சோர்வுக்கே என்பதையும் கண்டார்கள். அதுவும் சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய நோய்.

கண்டுபிடிப்பதில்தான் சிரமம். முதியவரின் மனச்சோர்வு பல வேளைகளில் அழுகையாக வெளிப்படுவதில்லை. முதுகு வலி, வயிற்று எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, தலைச்சுற்றல் என்று வரும். எல்லாப் பரிசோதனையும் செய்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு மறதி வரும். குடும்பத்தார் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பார்கள். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே விழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல் கிடப்பது ஒரு முக்கியமான அறிகுறி. ஆனால் பால் வெட்டிப் பழகியவர்கள் விஷயத்தில் இதை நாம் கோட்டை விட்டுவிடுகிறோம். “அவரு எப்பவும் நாலு மணிக்கு எழுந்திரிக்கிற ஆளு” என்கிறோம். பழைய நாளில் நாலு மணிக்கு எழுந்தவர் விளக்கையும் வாளியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். இப்போது இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வித்தியாசம் அங்கேதான்.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 2005-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். சாக வேண்டும் என்ற விருப்பம் முக்கியமாக இரண்டு எண்ணங்கள் ஒன்று சேரும்போது பிறக்கிறது என்பது அவர் கருத்து. ‘நான் எல்லாருக்கும் பாரம்’ என்பது ஒன்று. ‘நான் எவருக்கும் உரியவன் அல்லன்’ என்பது மற்றொன்று. இதைப் படித்தபோது நம் பெரியவர்களைப் பார்த்து எழுதியதுபோலவே எனக்குத் தோன்றியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினைந்து பதினாறு வயதில் கித்தாக் காட்டில் இறங்கியவர்கள் இவர்கள். இன்ன நிரை, இத்தனை மரம், இவ்வளவு பால் என்று தங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தவர்கள். மரத்தின் பட்டையில் காயம் படாமல் வெட்டுவது எப்படி என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். 1980-களிலும் 1990-களிலும் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. கைத்தொழில் போயிற்று. வேலை முடிந்ததும் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. கோயில், திடல், மரத்தடிப் பேச்சு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாலாவது மாடியில், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது, மகளின் கல்யாணத்துக்கும் மகனின் வீட்டு முன்பணத்துக்கும் போயிற்று. கொடுத்தவர் மனமாரத்தான் கொடுத்தார். ஆனால் பின்னால் கண்ணுக்கு மருந்து வாங்கப் பத்து வெள்ளி கேட்கும்போது தலை குனிகிறார். ‘பாரம்’ என்ற எண்ணம் அங்கே முளைக்கிறது. அது உண்மையான கணக்கு அல்ல, நோய் போடுகிற கணக்கு. ஆனால் அவருக்கு அது உண்மையாகவே தெரிகிறது.

இதன்மேல் துணையின் மரணம் வந்தால் நிலைமை மோசமாகும். அந்த முதல் ஓராண்டு மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். இனிப்பு நீரால் கால் விரல் எடுத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் இருப்பவர்கள், தீராத வலியுள்ளவர்கள் ஆகியோரையும் கண்காணிக்க வேண்டும். மதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சம்சு மனச்சோர்வைக் குறைப்பதாகத் தோன்றும். உண்மையில் அதை வளர்க்கும், யோசிக்கும் திறனையும் கெடுக்கும்.

சரி, பெரியவரின் பேச்சு வெறும் அலுப்பா, ஆபத்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே வழிதான். கேட்க வேண்டும்.

இங்கே நம்மில் பலருக்கும் ஒரு தயக்கம் உண்டு. இல்லாத எண்ணத்தை நாமே மண்டையில் ஏற்றிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. மாறாக, தனியே சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்தார் என்ற நிம்மதிதான் உண்டாகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் பால் வெட்டுக்காரர்கள் நெற்றியில் கட்டும் பழைய விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. “ஏதுடா இது?” என்றேன். “தாத்தா கொடுத்துட்டாரு சார். அவருக்கு இனிமே ஒண்ணுமே வேணாமாம்” என்றான். எனக்குச் சுவரில் இருந்த புகைப்படம் நினைவுக்கு வந்தது.

அந்தத் தாத்தாவும் என் தகப்பனாரும் ஒரே மலையில் பால் வெட்டியவர்கள். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வயது 72. மனைவி காலமாகிவிட்டார். அந்த ஆண்டில்தான் இனிப்பு நீரால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். மகன் சிங்கப்பூரில் வேலை, ஜொகூர்பாருவில் தங்கி வார இறுதியில்தான் வருவார். மருமகள் பகலில் வேலைக்குப் போய்விடுவார். பள்ளி முடிந்ததும் நேரே போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முதலில் காலைப் பற்றிப் பேசினோம். பிறகு தூக்கத்தைப் பற்றி. அப்புறம் கேட்டேன்:

“மாமா, நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உசுரை விட்டுடலாம்னு நெனப்பு வருதா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நானும் பேச்சை மாற்றவில்லை. உண்மையைச் சொன்னால், எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் எனக்கு இருந்தது. வெகு நேரம் கழித்து, “யாருகிட்டயும் சொல்லிடாதே தம்பி” என்றார்.

“சொல்லாம இருக்க முடியாது மாமா. உங்க மகன்கிட்ட சொல்லணும். நீங்க பக்கத்துல இருக்கும்போதே சொல்றேன், மறைச்சு ஒண்ணும் செய்ய மாட்டேன்.”

“ரெண்டு மாசமா இதே நெனப்புத்தான். இத்தனை பேரு வந்தாங்க, போனாங்க. காலு எப்படி இருக்குன்னுதான் கேட்டாங்க.”

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இரகசியம் காப்பேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது. மற்றொன்று, நான் புத்தி சொல்லவில்லை. “இது பாவம்”, “பேரப்பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க”, “எங்களை விட்டுட்டுப் போறீங்களா” என்றெல்லாம் நம் வாயில் தானாக வரும். அவையெல்லாம் ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும். காதைக் கொடுத்தால் போதும். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்படி ஒருவர் ஆம் என்று சொல்லிவிட்டால் அவரைத் தனியாக விடாதீர்கள். மருமகள் வேலையிலிருந்து வரும்வரை நான் அங்கேயே இருந்தேன். மகன் இரவு பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் காலை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே போனால் சித்தப் பிரமை பிடித்தவர் என்று முத்திரை குத்துவார்கள் என்று நினைக்காதீர்கள். கால் புண்ணுக்குப் போகிற அதே இடம்தான், அதே வரிசைதான்.

முதலில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலுமே நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறீர்களா? இந்த இரண்டையும் நீங்களே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அதன்பின் டாக்டர் விரிவாகப் பேசினார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பியில் கோளாறு இருந்தாலும் இதே சோர்வு வரும், சில மருந்துகளாலும் வரும், அதனால் அதையெல்லாம் பார்த்துவிடுவார்கள். தேவையானால் பெரிய ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவரிடம் எழுதிக் கொடுப்பார்கள். வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இவ்வாறு இறந்த முதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி ஒரு மாதத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தார்கள் என்று தெரியவந்தது. வலி என்று போனார்கள், வலிக்கு மருந்து வாங்கி வந்தார்கள். ஆகவே கூடப் போகிறவர் வாயைத் திறந்து, “டாக்டர், இவரு வாழ்க்கை வேணாம்னு பேசுறாரு” என்று சொல்லிவிட வேண்டும். மண்டோர் விஷயத்தில் அதைச் சொல்ல எவரும் கூடப் போகவில்லை.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அல்ல. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். மூன்றாவது வாரத்தில், “இது சரிப்படல, காசுக்குப் பிடிச்ச கேடு” என்று மாமா மாத்திரையைத் தூக்கி வைத்துவிட்டார். காசு என்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அது வேறு விஷயம். மறுபடி டாக்டரிடம் போய்ப் பேசித் தொடர்ந்தோம். ஆறாவது வாரம் விடியும்வரை தூங்கினார். குணம் தெரிந்ததும் தாமாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். இந்த மருந்துக்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

மருந்து வேலை செய்யும்வரை வீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள். சோடாப் புட்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுவந்து அடுப்படி மூலையில் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கும் ஆபத்து. தோட்டத்து ஸ்டோரிலேயே பூட்டி இருக்கட்டும். பெரியவரின் மாத்திரைகளையும் மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல், மருமகளோ மகளோ வைத்திருந்து ஒவ்வொரு வேளைக்கும் எடுத்துக் கொடுக்கலாம். சாக நினைத்தவரை இந்தப் பூட்டா தடுக்கும் என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். 1990-களின் நடுவில் உலகிலேயே இத்தகைய மரணம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அது ஒன்று. 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றை அரசாங்கம் தடை செய்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் மரண விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மக்களின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை, போர்கூட நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தத் தீவிரமான வேளை அலைபோல வந்து போகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில், தனித்திருக்கும் முதியவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் இரண்டு முறை தொலைபேசியில் பேசும் சேவை ஒன்றை நடத்தினார்கள். சும்மா நலம் விசாரிப்பது, தேவை கேட்பது, அவ்வளவுதான். தியேகோ தே லியோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1988 முதல் 1998 வரை அதில் இருந்த 18,641 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். அப்பகுதியின் பொதுவான விகிதப்படி சுமார் 21 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்ததோ 6. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் மகன்மார்களே, வாரம் இரண்டு தொலைபேசி அழைப்பு! பணம் அனுப்பிய ரசீதைப் படம் பிடித்து அனுப்புவது இதில் சேராது.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பலன் கிடைத்தது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். ஆண்களுக்கு அவ்வளவாக இல்லை. நம் வீட்டில் பார்த்தாலே தெரியுமே! பாட்டி அரை மணி நேரம் பேசுவார். தாத்தா, “நல்லாருக்கேன், அம்மாகிட்ட கொடுக்குறேன்” என்று முடித்துவிடுவார். ஆண்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள், பக்கத்தில் ஒரு வேலை செய்துகொண்டே பேசுவார்கள். அதனால் தாத்தாவுக்கு ஒரு வேலை வேண்டும். பொழுது போக்குவதற்காகக் கொடுக்கிற பொய் வேலையை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலையாக அது இருக்க வேண்டும்.

இரவு வேளையில் பேச ஆளில்லாவிட்டால் என்ன செய்வது? பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் என்ற தொண்டு அமைப்பு 1970 முதல் இயங்கி வருகிறது. எண் 03-7627 2929. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணம் கேட்க மாட்டார்கள். அரசாங்கத்தின் தாலியான் காசே, எண் 15999. சுகாதார அமைச்சின் மனநல ஆலோசனைக்கு 15555. உடனடி ஆபத்து என்றால் 999. பெரியவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை. கவலைப்படும் மகளோ அண்டை வீட்டாரோ கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்கலாம். நீங்களே அந்தப் பெரியவராக இருந்தால், ஐயா, அம்மா, இன்றைக்கே கூப்பிடுங்கள். அல்லது பக்கத்தில் இருப்பவரிடம், “எனக்கு மனசு சரியில்லை” என்ற மூன்று வார்த்தையைச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மாமாவின் கதையை முடிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நான்கு பால் மரங்கள் எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் செம்பனை. தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டியவர்கள் என்றாலும் எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட மரம் வெட்டிப் பார்த்ததில்லை. எனக்கும் சரியாக வெட்ட வராது, பட்டையைக் காயப்படுத்திவிடுவேன். மாமாதான் வாரம் இரண்டு நாள் வந்து காட்டுகிறார். நொண்டி நொண்டித்தான் வருகிறார். மழைக்காலத்தில் மனம் மறுபடியும் கொஞ்சம் சோர்வதுண்டு. கிளினிக்குக்குப் போகும் தேதியை மருமகள் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நெற்றி விளக்கைப் பேரனிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார். அதில் பேரனுக்கு மிகுந்த வருத்தம்.

போன வாரம் அவர் மறுபடியும் அதே பேச்சைப் பேசினாராம். “எப்போ கூப்பிட்டுக்குவானோ!” மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “என்னா மாமா, சும்மா சொல்றீங்களா, நெசமாவே சொல்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார். “சும்மாதான் சொன்னேன். போய்க் காப்பி ஊத்து” என்றாராம்.